நின்ற மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்கள்

தம்பி, மோட்டார் சைக்கிளை நான் விற்கப் போவதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீளமாக ஏதாவது வந்தால் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவன் நீ. இதற்கும் பெருவிரலைப் போட்டால் சம்மதித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். மற்றதை ஆறுதலாக இருந்து வாசி. இன்னும் மூன்று கிழமையில் மெல்பேணிலிருந்து வந்து இறங்குகிறாய். தை மாதம் மணவறையில் இருக்கப் போகிறாய். அதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. இந்தக் கடிதம் காலையில் உனக்கு வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு இதையே கலியாணக் குழுவிலும் போடுவேன், பெண் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து இருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவில். இடையில் போன் எடுத்துத் தடுக்கப் பார்க்காதே. போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் பெரியம்மாவிடம் போகிறேன். எதில் போகிறேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் என் காலைப் பற்றி. ஆயுத பூசையன்று நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டாய். பாதிக் கதையிலேயே கத்தத் தொடங்கிவிட்டாய். முழுக் கதை இதுதான். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்டக் குடியிருந்தால் உப்புக் காற்றில் இரும்பெல்லாம் கறள் பிடிக்கும் என்பதால், உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவித் துடைக்கிறவள் நான். அன்று விசேஷமாகக் கழுவினேன். முன் லைட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், ஹாண்டிலுக்கு மாலை போட்டேன், கற்பூரம் காட்டினேன். ஒவ்வொரு வருடமும் கோயிலுக்குக் கொண்டுபோனால் ஐயர் இரண்டு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைப்பார். நான் ஏறி இருந்து அதை நசித்துக்கொண்டு ஓட்டி வருவேன், கண்ணூறு எல்லாம் கழிந்துவிடும். இந்த முறை கோயில் வாசலில் காரும் வானுமாக வரிசை காலி வீதி வரைக்கும் நின்றது. இரண்டு தேசிக்காய்தானே, அதை வைக்க எனக்குத் தெரியாதா என்று வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில், மோட்டார் சைக்கிளை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சில்லுக்கு ஒன்றும் பின் சில்லுக்கு ஒன்றுமாக வைத்தேன். ஏறி இருந்து எஞ்சினைப் போட்டு ஓட்டியிருந்தால் ஒன்றும் நடந்திராது. பத்தடி தூரத்துக்கு யார் ஹெல்மெட் போடுவது என்று நினைத்து, இடப் பக்கம் நின்றபடியே ஸ்டாண்டிலிருந்து முன்னுக்குத் தள்ளினேன். பூசை என்றபடியால் காலில் செருப்பு இல்லை. கழுவிய தரை காயவும் இல்லை. பின் சில்லு தேசிக்காயில் இறங்கி, சாறு பிதுங்கி, வழுக்கி, மாலை போட்டபடியே முழு மோட்டார் சைக்கிளும் என் பக்கம் சாய்ந்தது. கியர் லீவர் நேரே என் இடது பாதத்தில் வந்து குந்தியது. எலும்பு இரண்டு உடைந்தது.

விபத்து வராமல் இருக்க வைத்த தேசிக்காயாலேயே விபத்து வந்ததாம் என்று பிறகு நீ சிரித்தாய். நல்லாகச் சிரி. என்னைக் கேட்டால், வர இருந்தது எல்லாம் அந்தப் பத்தடிக்குள் வந்து முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். வாசலில் காவலுக்கு இருக்கிற சுனில் "ஐயோ மிஸ், மொகத வுணே?" என்ன நடந்தது என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். என்னை ஒரு கதிரையில் இருத்தினார். நசிந்த தேசிக்காயையும் என் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸ், அடுத்த வருஷம் சப்பாத்து போட்டு சாமி கும்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் உபயோகமானது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் உன்னுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்திருக்க நீ போனில் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. "அம்மா, அறுபத்திரண்டு வயசிலை உங்களுக்கு ஏன் இந்த விசர் வேலை? உந்தப் பைக்கை வித்துப்போட்டு ஓட்டோவிலை போங்கோ. அபிராமியின்ரை வீட்டாக்கள் கேட்டா நான் என்ன சொல்றது?" கால் வலியிலும் கடைசி வசனத்தை நான் கவனித்தேன். என் கால் உடைந்தது உனக்குக் கவலை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்பது அதைவிடப் பெரிய கவலையாக இருந்தது. நான் மாவுப் பத்துப் போட்ட காலோடு வீட்டுக்கு வருமுன்னமே நீ மெல்பேணில் இருந்தபடி மோட்டார் சைக்கிளை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தாய். அடுத்த நாள் கிருலப்பனையிலிருந்து ஒருவர் வந்து, என்னைக் கேளாமலே டயரை உதைத்துப் பார்த்தார். ஊன்றுகோலோடு கீழே இறங்கிப் போய், அவரை வாசல் வரைக்கும் அனுப்பிவிட்டு வந்தேன். பத்துப் போட்ட பிறகு நான் நடந்த முதல் நடை அதுதான். அதற்கு உனக்கு நன்றி.

இப்போது ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். எங்கள் குடும்பத்தில் ஓடுகிற மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா இருபத்தைந்து வருடம் இந்தக் கொழும்பில் ஓட்டினார். மழையில் ஓட்டினார், சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை கேட்ட காலத்தில் ஓட்டினார், நீ பிறக்கப் போகிறாய் என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன், எட்டு வருடமாகிறது, ஒரு கீறல் இல்லை. நாங்கள் அடிபட்டதெல்லாம் சும்மா நின்ற மோட்டார் சைக்கிளில்தான். அதுவும் ஒவ்வொரு தரமும் அடியோடு சேர்த்து ஒரு பொய்யும் வந்தது.

முதல் பொய் அப்பாவுடையது. கலியாணமாகி நாலாம் நாள், என் மாமா வீட்டுக்கு விருந்துக்கு வெளிக்கிட்டோம். நான் கூறைப் பட்டோடு வாசலில் நிற்கிறேன். எனக்குக் காட்டுவதற்காக அப்பா மோட்டார் சைக்கிளை ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். முதல் உதைக்கு வரவில்லை, இரண்டாவதுக்கும் வரவில்லை. மூன்றாவது உதைக்கு அது திருப்பி உதைத்தது. பெடல் அவருடைய கணைக்காலில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. புது மனைவி பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு சத்தம் போடாமல் ஏறி இருந்தார், பாவம். விருந்தில் அவர் நொண்டுவதைக் கண்டு மாமா கேட்க, "பந்தடிக்கேக்கை பட்டது" என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்குப் பந்து என்றால் டீவியில் பார்ப்பதோடு சரி. மாமா பந்தாட்டப் பைத்தியம். எந்த இடத்தில் விளையாடுகிறீர் என்று கேட்டார். கோல் காக்கிறவர் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, கட்டாயம் வரவேண்டும் என்று மாமா பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒளித்திருந்தோம். கலியாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தது அந்த இரண்டு நாளும்தான்.

ஏன் அந்தப் பொய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஓடும்போது விழுந்தால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நாலு பேர் வந்து பார்ப்பார்கள், தோடம்பழம் கொண்டு வருவார்கள், லொறிக்காரனைத் திட்டுவார்கள். சும்மா நின்றதிடம் அடி வாங்கினேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் நோகிறதா என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எல்லாரும் பூசி மெழுகுகிறோம். நீயும் அதைத்தான் செய்தாய். உன் அம்மா கோயில் படியில் சறுக்கி விழுந்துவிட்டா என்று பெண் வீட்டாருக்குச் சொன்னாய். கோயில் படி என்றால் சிரிக்கமாட்டார்கள், பக்தி என்பார்கள். கெட்டிக்காரன்.

ஆனால் அதை என்னிடம் நீ சொல்ல மறந்துவிட்டாய். ஒரு நாள் பின்னேரம் அபிராமியின் அம்மா போன் எடுத்து, "கோயில் படியிலையோ விழுந்தனீங்கள் அக்கா? கேட்டதிலை இருந்து எனக்கு மனமே சரியில்லை" என்றா. மகனைக் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்தேனோ, இல்லை எனக்கும் அந்தச் சிரிப்புக்குப் பயமோ தெரியவில்லை, "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஓம் செய்த வேலையைக் கேள். அவ என் பெயருக்கு அர்ச்சனை செய்தா. என் கால் சுகமாக நேர்த்தி வைத்தா. அவவுடைய கணவர் கோயில் தர்மகர்த்தா ஒருவரைத் தெரிந்தவர். அவர் போய், வயதானவர்கள் விழுகிற படிக்கு ஒரு கைபிடிக் கம்பி போடவேண்டும், அது எங்கள் உபயமாக இருக்கட்டும் என்று கேட்டு, அவர்களும் சம்மதித்து, கம்பிக்கு அளவும் எடுத்தாகிவிட்டது. போன கிழமை எனக்கு ஒரு படம் வந்தது. கம்பியில் பதிக்கப் போகிற பித்தளைத் தகட்டின் மாதிரி. அதில் என் பெயர். இந்தப் படியில் தவறி விழுந்து அம்பாள் அருளால் சுகமடைந்தவராம் நான். பெயர் சரியா என்று பார்த்துச் சொல்லட்டாம். தம்பி, நான் ஒரு நாளும் விழாத படியில், அம்பாளுக்கு முன்னால், பித்தளையில் பொய் எழுதப் போகிறார்கள். போனை வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "விடுங்கோ அம்மா, நல்ல காரியம்தானே. கலியாணம் முடியும் வரைக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் மட்டும் பைக்கிலை போகாதைங்கோ. ஆரும் கண்டா வெக்கம்." அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டாஞ்சேனையில் அபிராமியின் தாய் தகப்பன் வீடு மட்டுமா இருக்கிறது? என் அக்கா இருக்கிறா. முழங்கால் போய், மாடியை விட்டு இறங்க முடியாமல், திங்கள், புதன், சனி பத்து மணியானால் ஜன்னலில் வந்து நிற்கிறா. என் மோட்டார் சைக்கிள் சத்தம் அவவுக்குத் தெரு முனையிலேயே தெரியும். நான் மேலே ஏறுமுன் தேத்தண்ணிக்குக் கேத்தல் அடுப்பில் இருக்கும். கால் உடைந்து இருந்த நாட்களில் ஓட்டோவில் போய்ப் பார்த்தேன். மழை என்றால் வரவில்லை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்றால் வரவில்லை, வந்தவர் மருதானையில் நெரிசலைக் கண்டு முகம் சுளிக்கிறார். திங்கள் புதனாகி, புதன் வெள்ளியாகி, ஒரு கிழமை போகவே இல்லை. பெரியம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ வாற சத்தம் கேக்காம வீடு என்னவோ மாதிரிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னா. உன்னுடைய வெட்கத்துக்காக அந்த ஜன்னலை நான் வெறுமையாக விடமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திநாலு வருடம் நான் பின்னால், ஒரு பக்கமாக, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்து போனவள். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று ஒரு நாள் நான் தீர்மானித்ததில்லை. அப்பா போய் ஒரு வருடம் மோட்டார் சைக்கிள் துணி போர்த்தபடி நின்றது. ஒரு நாள் துடைக்கப் போனவள் ஏறி இருந்து பார்த்தேன். அடுத்த கிழமை கிருலப்பனையில் ஓட்டப் பழக்குகிற இடத்தில் பெயர் கொடுத்தேன். என்னோடு பழகியதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். எட்டுப் போடச் சொன்னால் அவர்கள் நேரே மதிலுக்குப் போனார்கள், நான் எட்டுப் போட்டேன். லைசன்ஸ் வந்த அன்று படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பெருவிரல் போட்டாய்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மாவுப் பத்து வெட்டி ஒரு மாதமாகிவிட்டது. நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்து, நேரே கொட்டாஞ்சேனையில் அபிராமியின் வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். அவவுடைய அம்மா கேற்றைத் திறந்துகொண்டு வந்தா. நான் ஹெல்மெட்டைக் கழற்றின பிறகுதான் ஆளைத் தெரிந்தது.

"நீங்களோ ஓடி வந்தனீங்கள்?" என்று கேட்டா.

"ஓம். நான் கோயில் படியிலை விழேல்லை. இதுதான் என்ரை காலிலை விழுந்தது. அதுவும் நிண்டுகொண்டிருக்கேக்கை" என்றேன். தேசிக்காயிலிருந்து பித்தளைத் தகடு வரைக்கும் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவ சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தா. பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்திவிட்டு, தானும் இருந்து, மெல்லக் கேட்டா. "கம்பியை விடுங்கோ அக்கா, கம்பி நிக்கட்டும், ஆரும் பிடிச்சு நடப்பினம். உங்கடை பேரை மட்டும் வெட்டச் சொல்றன். ஆனா நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதைங்கோ. இந்தச் சின்ன விசயத்துக்கே உங்கடை மகன் இப்பிடிப் பொய் சொன்னால், என்ரை பிள்ளைக்கு வேறை என்னென்ன சொல்லியிருப்பார்?"

தம்பி, உன் கலியாணமே அந்தக் கேள்வியில் தொங்குவது மாதிரி இருந்தது. தாய் கேட்டது நியாயம், நானும் ஒரு பெண்ணைப் பெற்றிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். அவன் நல்ல பிள்ளை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள், எந்தத் தாய் வேறு மாதிரிச் சொல்லுவாள்? அதனால் உண்மையைச் சொன்னேன். "பொய் அவன்ரை இல்லை. என்னட்டை இருந்து பழகினது" என்றேன். உனக்குச் சொல்லாததை அவவுக்குச் சொன்னேன். கேட்டு முடிய அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எனக்கு ஏன் சொல்றியள், அவருக்கெல்லோ சொல்லோணும்" என்றா. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

உன் வலது கெண்டைக்காலில் இருக்கிற தழும்பைப் பற்றியது இது. உனக்கு நாலு வயது. அப்போது கொட்டாஞ்சேனையில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பெரியம்மா குடும்பத்தோடு சேர்த்து நாலு குடும்பம் இருந்த வளவில் வாடகைக்கு இருந்தோம். நீ சோறு தின்னக் கள்ளன், இலேசில் வாயைத் திறக்கமாட்டாய். உன்னை நிற்கிற மோட்டார் சைக்கிளில் ஏற்றி இருத்தினால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டுவாய். ஒவ்வொரு ஹோல்ட்டுக்கும் நான் ஒரு வாய் ஊட்டுவேன். பம்பலப்பிட்டி வந்துவிட்டது, ஆ காட்டு. வெள்ளவத்தை வந்துவிட்டது, ஆ காட்டு. தெஹிவளை போகுமுன் கோப்பை முடிந்துவிடும். அப்பாவுக்கு அது பிடிக்காது, பிள்ளையை அதில் ஏற்றாதே என்று எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். உனக்கும் கிட்டப் போகாதே என்று சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வந்து, முற்றத்தில் நிறுத்திவிட்டு, முகம் கழுவப் போனார். நான் உன்னைத் தூக்கி இருத்தினேன். அது இப்போதுதான் ஓடி வந்தது என்று எனக்கு யோசனை வரவில்லை. சோறு முடிந்தது. ஒரு கையில் கோப்பை, மற்றக் கையால் உன்னைத் தூக்கி வலப் பக்கமாக இறக்கினேன். உன் கால் சைலன்சரில் ஒட்டியது.

நீ குளறின சத்தத்தில் நாலு வீட்டுக் கதவும் திறந்தது. அப்பா முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். "என்ன நடந்தது?" என்று கேட்டார். நான், "சொல்வழி கேளாம ஓடிப்போய் முட்டிப்போட்டான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் சொன்னதை நான் கேளாமல் விட்டதை அத்தனை பேருக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான். பயத்தில் வந்த கோபம் அவருக்கு. உன் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. காலில் தோல் உரிந்த பிள்ளைக்கு, அந்த முற்றத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க. நீ அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். உனக்கு நடந்தது தெரியும், எனக்கும் தெரியும். நான் வெறுங்கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உனக்கு அது மறந்துவிட்டது. என் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதுவே உன் ஞாபகமாகிவிட்டது. குழப்படிக்காரன், தானாகவே போய்ச் சுடுபட்டவன் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அப்பா அதன் பிறகு உன்னில் கை வைத்ததில்லை. "சுடுபட்ட பிள்ளைக்கு அடிச்சுப்போட்டனப்பா" என்று நினைத்து நினைத்துச் சொல்வார், கடைசிக் காலத்திலும் ஒரு தரம் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அந்தப் பாரத்தோடு போனார், அது என்னுடைய பாரம். போன மாதம் வீடியோவில், அங்கே அபிராமி உன் பக்கத்தில் இருக்க, நீ காலைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "அப்பா எனக்கு அடிச்ச ஒரே அடி இதுக்குத்தான், நான் செய்த குழப்படிக்கு அது காணாது" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். என் கால் எலும்பு அன்று நொந்ததைவிட அந்தச் சிரிப்பு நொந்தது.

நீ ஒரு பிழையும் செய்யவில்லை தம்பி. உன்னைச் சுட்டது நான். அடி வாங்கித் தந்ததும் நான். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன், கோபம் வந்தால் கோபப்படு, அதற்கும் எனக்கு இடம் இருக்கிறது. ஏன் கலியாணக் குழுவில் போடுகிறாய் என்று கேட்பாய். உனக்கு அடி விழுந்தது அறைக்குள் இல்லை, முற்றத்தில். அன்று கதவைத் திறந்து பார்த்தவர்களில் பெரியம்மா அந்தக் குழுவில் இருக்கிறா, பக்கத்து வீட்டு மாமியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் உன்மேல் போட்ட பழியை எல்லாருக்கும் முன்னால்தான் எடுக்க முடியும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நின்ற மோட்டார் சைக்கிளில் கால் உடைத்தவள் நான், பேசாமல் நின்று பிள்ளைக்கு அடி வாங்கிக் கொடுத்தவளும் நான். இரண்டையும் இனி யார் கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

நீயும் ஒன்று செய். இதை வாசித்து முடித்த கையோடு அபிராமியிடம் போய், கோயில் படி பொய் என்று உன் வாயால் சொல். அவள் அம்மா சொல்லி அவள் அறியக்கூடாது. வெட்கமாக இருக்கும். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்கப் போய் நான் இருபத்தேழு வருடம் இழுபட்டேன். கலியாணத்தில் உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை. நகை, பட்டு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் புத்தி சொல்ல அந்தக் குழுவில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கலியாணத்தன்று அலங்கரித்த காரில் நீ போ, அது உன் நாள். நான் பட்டுச் சேலையை அங்கே போய் உடுத்துவேன். மண்டபத்துக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் வருவேன், வேண்டுமென்றால் பெரிய கேற்றால் வராமல் பக்கத்துக் கேற்றால் வருகிறேன், அவ்வளவுதான் உனக்கு விட்டுத் தருவேன். ஆனால் அதற்கு முன், நீ வந்து இறங்கிய அடுத்த நாள் காலை, என்னோடு பெரியம்மா வீட்டுக்கு வர வேண்டும். காரில் இல்லை. என் பின்னால். உனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன். தெரு முனையில் எங்கள் சத்தம் கேட்டதும் அவ ஜன்னலுக்கு வருவா, நீ கையைக் காட்டு. நிறுத்தியதும் அவசரப்பட்டுக் குதிக்காதே. வெள்ளவத்தையிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கும். இடப் பக்கம் இறங்கு, வலப் பக்கம் சைலன்சர் சுடும். இந்த முறை முன்னமே சொல்லிவிட்டேன்.

அம்மா